பிரஷர் வாஷர் வாங்கிப் போனவர்கள்

தண்ணீரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை என்பதுதான் என் தொழிலில் இருக்கும் பெரிய கஷ்டம். மைசூரில், ஹெப்பாள் பக்கம், நானும் என் வீட்டுக்காரரும் டிரில்லிங் மெஷின், ஏணி, பிரஷர் வாஷர் எல்லாம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறோம். ரிப்பேர் அவர் பாடு, கவுன்ட்டர் என் பாடு. பிரஷர் வாஷர் என்பது குழாய்த் தண்ணீரை உள்ளே இழுத்து, கன் வழியாக ஊசி மாதிரி பீய்ச்சுகிற மெஷின். சிமென்ட் தரையில் வருஷக்கணக்காக ஒட்டிக்கிடக்கும் பாசியை உரித்து எடுத்துவிடும். தரையை உரிக்கிற தண்ணீர் தோலை விட்டுவைக்குமா என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறேன். தலையை ஆட்டிக்கொண்டே போனைப் பார்ப்பார்கள். "ஏனாகல்ல பிடி மேடம்" என்பார்கள், ஒன்றும் ஆகாது விடுங்கள் என்று எனக்கே தைரியம் சொல்கிற மாதிரி. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற எல்லோருக்கும் என் வயிற்றெரிச்சல் புரியும்.

சின்ன ஓட்டை

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர், வாசலைக் கழுவ மெஷின் எடுத்துப் போனார். தண்ணீர் சரியாக வரவில்லையாம். கன்னின் முனையில் இருக்கிற நாசில் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, அதன் முன்னால் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு டிரிகரை அழுத்தியிருக்கிறார். விரல் நுனியில் குண்டூசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மீதி வாசலையும் கழுவி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போயிருக்கிறார்.

மறுநாள் காலையில் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அந்த விரல் பிஞ்சுக் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, நிறமும் மாறியிருந்தது. தண்ணீர் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு தோலுக்கு அடியில் போயிருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். மீட்டிங் இருக்கிறது என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் போனையே வாங்கி அவர் மனைவியைக் கூப்பிட்டுவிட்டேன். அன்றைக்கே ஆபரேஷன் செய்து, விரலை நீளமாகக் கிழித்துச் சுத்தம் செய்தார்கள். விரல் மிஞ்சியது, ஆனால் இன்றைக்கும் பாதிதான் மடங்குகிறது. பிறகு ஒருநாள் அந்த மனைவி நன்றி சொல்ல வந்தார். "டாக்டர் என்ன பட்டதுன்னு கேட்டப்போகூட, வெறும் தண்ணிதான் டாக்டர்னு சொன்னார் மேடம்."

அக்கம்பக்கத்துக்கு மரியாதை

பெட்ரோல் மெஷினைத் திறந்த வெளியில் மட்டும்தான் ஓட்ட வேண்டும். அதன் புகையில் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷ வாயு இருக்கிறது. இதைக் குவெம்புநகரில் இருந்து வந்த ஒரு பெரியவரிடம், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், இரண்டு தடவை சொன்னேன். வீட்டுக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் மெஷினை வைத்து, ஷட்டரை இறக்கிவிட்டுத் தரையைக் கழுவியிருக்கிறார்.

அவர் மனைவி காபி எடுத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தபோது மனுஷர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். கூப்பிட்டால் பதில் இல்லை. டம்ளரைப் போட்டுவிட்டு ஷட்டரைத் தூக்கி, அவரைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார் அந்த அம்மா. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துத்தான் தெளிந்தது. அந்த அம்மாள் கீழே இறங்கக் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான். மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்த பெரியவரோ நிதானமாகச் சொன்னார்: "சத்தம் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவா இருக்கும்னுதாம்மா ஷட்டரைப் போட்டேன்."

மூன்றாவது பின்

ஆயுத பூஜை வந்தால் மைசூரில் கழுவப்படாத வண்டி இருக்காது. அந்தச் சமயத்தில் கொள்ளேகால்காரர் ஒருவர் கரண்ட் மெஷின் கொண்டுபோனார். அவர் வீட்டு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டு ஓட்டைதான் இருந்ததாம். பிளக்கில் இருந்த மூன்றாவது பின்னை, அதுதான் எர்த், கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் அனுப்புவது, ரம்பத்தால் அறுத்துவிட்டார். ஈரத்தில் கிடந்த மெஷினின் உடம்பில் கரண்ட் இறங்கியிருக்கிறது. செருப்பில்லாமல் தண்ணீரில் நின்ற அவர் மனைவி அதை நகர்த்தக் கை வைத்தார். கை ஒட்டிக்கொண்டது. மகள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்ததால் பிழைத்தார்.

மெஷினைக் கொண்டுவந்தபோது அந்த அம்மாவும் கூட வந்திருந்தார், உள்ளங்கையில் கட்டோடு. நான் பேசிய பேச்சில் என் வீட்டுக்காரர் பின்னால் இருந்து எழுந்து வந்துவிட்டார். மனைவியைக் கிட்டத்தட்டக் கொன்றிருக்கிறீர்கள் என்றே சொல்லிவிட்டேன். அந்த அம்மா தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவர்தான் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்த மூணாவது பின்னுல கரண்டே வராதுங்களே, அப்புறம் எதுக்குங்க அது?"

நாய்க்குட்டி

காரைக் கழுவ என்று சொல்லி வாங்கிப் போன ஒரு பெண் அதை நாயின் மேல் பிடித்திருக்கிறாள். முதுகில் தோல் பிய்ந்து, தையல் போட்டிருந்தது. அந்த ஜீவனைக் காரில் உட்கார வைத்தே கடைக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்தும் அது வாலை ஆட்டியது. இதற்கு மேல் எனக்கு எழுத முடியவில்லை, அவள் சொன்னதைத் தவிர. "குளிப்பாட்டுறப்போ ரொம்ப ஆடுது அக்கா, சீக்கிரம் முடிச்சிடலாம்னுதான்."

கொடுக்காத குற்றம்

ஒரே ஒருவருக்கு மட்டும் மெஷின் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஏணி மேல் ஏறி நின்று சன்ஷேடைக் கழுவப் போகிறேன் என்றார். டிரிகரை அழுத்தினால் கன் பின்னால் உதைக்கும், தரையில் நிற்கும்போதே ஆளைத் தள்ளும், ஏணியில் வேண்டாம் என்றேன். உங்களுக்கு வியாபாரம் பண்ணத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, வேறு கடையில் வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாள் கழித்துத் கழுத்தில் இருந்து துணியில் தொங்கவிட்ட கையோடு வந்து நின்றார். விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் பாவம் என்று நினைத்து நாற்காலியை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, சொன்னார்: "நீங்க அன்னைக்கே கொடுத்திருந்தா இப்படி ஆகியிருக்காது மேடம், அந்தக் கடை மெஷின்ல பிரஷர் ஜாஸ்தி."

மெஷினை நிறுத்த அதிலேயே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு போகிற ஆளை நிறுத்தத்தான் இதுவரை யாரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.