கேள்விக்கார அக்காவின் பதினோராவது சீட்டு

கேள்விக்கார அக்கா இன்று மூன்றாவது முறையாக மாடி ஏறுகிறார். முதல் முறை டேப்லெட்டுக்காக. இரண்டாவது முறை அதன் சார்ஜருக்காக. இந்த முறை எதற்காக என்று இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று யோசிக்கிறார். ஞாபகம் வரவில்லை. வந்தது வந்தாயிற்று என்று நான்காம் மாடி வரை போய்க் கதவைத் திறந்தால், அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கிறது. "பாத்தீங்களா, இதுக்குத்தான் வந்தேன்" என்கிறார், முகச்சவரம் செய்துகொண்டிருக்கும் கணவரிடம். அடுப்பை அணைத்தவர், துடைக்கத் துணி தேடி பால்கனிக்குப் போகிறார். அங்கே தொட்டிச் செடி வாடிக் கிடப்பதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அப்படியே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். பாலைக் கணவர் துடைக்கிறார்.

அவருக்கு வேலை, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது. வயது முப்பத்தெட்டு. இது பத்தாவது வேலை. துணிக்கடையில் பில் போட்டிருக்கிறார், பள்ளி அலுவலகத்தில் கடிதங்களை அடுக்கியிருக்கிறார், ஒரு பல் மருத்துவரிடம் வரிசை எண் கொடுத்திருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் முடிந்தது. "பொறுப்பில்லை" என்று அவர்கள் சொல்லுமுன் இவரே நின்றுவிடுவார். இந்த வேலை மட்டும் ஒன்றரை வருடமாக நிலைத்திருக்கிறது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இதில் எந்த நாற்காலியிலும் நாற்பது நிமிடத்துக்கு மேல் உட்காரத் தேவையில்லை.

படிவத்தின் தலைப்பு, 'நடுத்தர வருமான நாடுகளில் வயதுவந்தோரின் கவனக் குறைபாடு'. எங்கோ தொலைதூர நாட்டில் எழுதி, இன்னொரு நாட்டில் சரிபார்த்து, மூன்றாவது இடத்தில் மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறார்கள். வழியில் யாருக்கும் கவனம் சிதறவில்லை என்றே தெரிகிறது. அக்கா அதை உள்ளபடி வாசிப்பார்: "கடந்த ஆறு மாதங்களில், அமர்ந்திருக்க வேண்டிய சூழலில் எழுந்து செல்லும் உந்துதல் உங்களுக்கு எவ்வளவு அடிக்கடி ஏற்பட்டது?" எதிரில் இருப்பவர் விழிப்பார். அக்கா உடனே மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பார்: "சும்மா ஒரு இடத்துல உக்கார முடியுதாக்கா உங்களால?"

சட்டைக்குப் பொத்தான் தைக்கும் ஒரு பெண்மணி தலை நிமிராமல் பதில் சொன்னார். "உக்காந்துதான் இருக்கேன், பத்து வருஷமா. எந்திரிக்க விட்டாத்தானே உந்துதலு."

"அப்போ 'ஒருபோதும் இல்லை'ன்னு போடட்டுமா?"

"உன் இஷ்டம். ஆமா, நடுத்தர வருமானம்னு வாசிச்சியே, அது எந்த வீடு? சொல்லு, நானும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரேன்."

இப்படிப் பேச்சு வழிதவறும்போதெல்லாம் அக்காவும் கூடவே போய்விடுவார். பொத்தான் ஊசி பற்றி, ஜன்னலில் தெரியும் தண்ணீர்த் தொட்டி பற்றி, மருமகள் பற்றி. பிறகு திடுக்கிட்டுத் திரும்பி வந்து ஒன்பதாம் கேள்வியை இரண்டாம் தடவை கேட்பார். இரண்டாம் தடவை ஜனங்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அலுவலகத்தில் இவருடைய படிவங்கள்தான் நம்பகமானவை என்று பெயர் வாங்கியது இப்படித்தான்.

இந்த ஆண்டு கேள்விகள் மாறின. புதிய படிவத்தை வீட்டில் ஒருமுறை யாரிடமாவது கேட்டுப் பழகிக்கொண்டு வரச் சொன்னார்கள். கணவருக்கு அன்று மூன்று கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. அவர் மெக்கானிக். மகள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, "அம்மா, ப்ளீஸ், ஆளை விடு" என்றுவிட்டாள். ஆள் கிடைக்காததால் அக்கா தன்னையே கேட்டுக்கொண்டார். பதினெட்டுக் கேள்விகளுக்கும் உள்ளதை உள்ளபடி பதில் சொன்னார். தனியாக இருக்கும்போது பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லையே. தொடங்குமுன் டேப்லெட்டில் 'பயிற்சி' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்த மறந்தார்.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. அவருடைய பகுதியில் மதிப்பெண் எல்லையைத் தாண்டியவர்கள் பதினொரு பேர். ரகசியம் காக்க வேண்டும் என்பதால் பெயர் கிடையாது, வீட்டு எண் மட்டும். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, மருத்துவமனைக்குப் போகச் சொல்லும் சீட்டைப் பதினான்கு நாளுக்குள் கொடுக்க வேண்டும். பத்து எண்களைக் கடந்து பதினொன்றாவதைப் படித்தவர், இந்த வீட்டை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தார். பார்த்திருக்கிறார். சாவி அவர் பையில்தான் இருந்தது. அதாவது, பிற்பாடு பைக்குள் கிடைத்தது.

பத்துச் சீட்டுகளைக் கொடுத்து முடித்தார். எட்டாவது வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர் எப்பம்மா பாப்பாரு?"

"பெரியவங்களுக்குப் பாக்கறது ஒருத்தருதாண்ணே. மாசத்துல ஒரு நாள் வராரு. வரிசை எட்டு மாசம் போகுது."

"எட்டு மாசத்துல நான் மறந்துடுவேனேம்மா."

"அதையும் மறக்காம அவருகிட்ட சொல்லிடுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். படி இறங்கும்போது அக்காவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மேற்பார்வையாளருக்கு இருபத்தாறு வயது. நல்ல பையன். 'வெட்கம் வேண்டாம், வெளியே சொல்வோம்' என்று எழுதிய சுவரொட்டிக்குக் கீழே அவருடைய மேசை. அக்கா விஷயத்தைச் சொன்னதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அக்கா, இதை வெளிய சொல்லாதீங்க."

"பயிற்சிப் படிவம்தான் தம்பி. ஆனா பதில் எல்லாம் நிஜம்."

"நிஜம்னா வம்பு. கேள்வி கேக்கறவங்களுக்கே இந்தப் பிரச்சினைன்னு ஆயிடும். நீங்க எடுத்த இருநூத்துச் சொச்சம் படிவத்தையும் சந்தேகப்படுவாங்க. அடுத்த வருஷ ஒப்பந்தத்துல உங்க பேரை நான் எப்படி எழுதறது?" ஒரு கடிதத்தைத் தட்டி அச்செடுத்துக் கொடுத்தார். மேற்படி வீட்டின் படிவம் கவனக்குறைவால் தவறுதலாகப் பதிவேறியது என்றும், அதிலுள்ள பதில்கள் உண்மையல்ல என்றும், அதை அழித்துவிடலாம் என்றும் இருந்தது. "கையெழுத்து மட்டும் போடுங்க. அவ்வளவுதான்."

'கவனக்குறைவால்' என்ற சொல்லை அக்கா இரண்டு முறை படித்தார். படிவத்தில் சொன்னால் நோய், கடிதத்தில் சொன்னால் மன்னிப்பு.

வீட்டில் கணவரிடம் சொன்னார். "எனக்குச் சின்னதுலேர்ந்தே இது இருந்திருக்கும் போல."

"உனக்கா? உனக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் கவனமா இருந்தாப் போதும்" என்றார் அவர், உண்மையான அன்போடு. சொன்னபின், என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்ததைக் காட்டும் பள்ளி அறிக்கைகள் இருந்தால் எடுத்து வரவும். இருந்தன. அக்காவின் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டிப் படித்த முதல் ஆள் அவர்தான். ஒவ்வொரு பருவத்து அறிக்கையிலும் 'கவனம் இல்லை' என்று ஆசிரியை சிவப்பு மையில் எழுதி அனுப்புவார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. எல்லோருக்கும் நீல மையில் எழுதிவிட்டு, தன் பெண்ணுக்கு மட்டும் சிவப்பில் எழுதியிருக்கிறார்கள் என்றால் ஏதோ விசேஷமான பாராட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். அக்கம்பக்கத்தில் எல்லாம் காட்டிவிட்டுப் பெருமையாகக் கைநாட்டு வைத்தார். சிறுமியும் திருத்தவில்லை. அந்த அறிக்கைகளை எல்லாம் அப்பா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணத்தின்போது அக்கா கையில் கொடுத்தார். அவரிடம் கொடுத்ததால் இப்போது இல்லை.

பதினான்காம் நாள் மதியம். மகள் பள்ளியில், கணவர் ஏதோ ஒரு லிஃப்டில். அக்கா சாப்பாட்டு மேசையில் பதினோராவது சீட்டையும் மேற்பார்வையாளர் தந்த கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எழுதப் போனால் மேசை ஆடியது. கடிதத்தை எடுத்து நான்காக மடித்துக் குட்டையான காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது.

சீட்டை யார் கையிலும் சும்மா திணித்துவிட்டு வரக்கூடாது. எதிரெதிரே உட்கார்ந்து, அறிவிப்பை உரக்க வாசிக்க வேண்டும் என்பது விதி. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு காலி நாற்காலிக்கு வாசித்தார். "இது உங்கள் தவறு அல்ல. இது சோம்பேறித்தனமும் அல்ல. உங்களுக்கு உதவி பெற உரிமை உண்டு." பத்து வீடுகளில் மூச்சுவிடாமல் ஒப்பித்த வாக்கியங்கள். இங்கே இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். "உங்களுக்கு ஏதேனும் கேள்வி உள்ளதா?" என்று கேட்டபின் பத்து நொடி காத்திருக்க வேண்டும். வழக்கமாக மூன்றிலேயே எழுந்துவிடுபவர், பத்தையும் எண்ணிக் காத்திருந்தார்.

சீட்டில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. 'கொடுத்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சீட்டைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்து, 'பெற்றுக்கொண்டவர்' என்ற கட்டத்தில் அதே கையெழுத்தை, இந்த முறை ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகப் போட்டார்.