அழுத்தாத பொத்தான்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. வீட்டுக்கு லேட்டாகப் போனால் உருப்படியாக ஒரு பொய்கூடச் சொல்ல வராது. இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

"வேலைவெட்டி இல்லாம எந்நேரமும் போன்ல என்னடா?" என்று அக்கா திட்டத் திட்ட, ஆறு வருடம் ஆன்லைனில் செஸ் ஆடியவன் நான். அன்றுதான் முதல்முறையாக நேரில் போட்டி. திரையில் காயை வைத்தால் போதும், நம் நேரம் தானாக நின்றுவிடும். மேசையில் அப்படியில்லை. காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தின் பொத்தானை நாமே அழுத்த வேண்டும். மறந்தால் நம் நேரம்தான் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் ஆடிய இரண்டு ஆட்டத்தையும் அப்படி மறந்தே கோட்டைவிட்டேன்.

நடுவர் சிரித்தார். "எதிர்ல இருக்கறவன் மறந்தா நீயும் வாயத் திறக்காத. சொல்லணும்னு ரூல் இல்ல."

அடுத்த ஆட்டம் மூன்று மணிக்கு. பதினைந்து நிமிடம் தாமதித்தால் தோல்வி. இதிலும் தோற்றால் அக்கா வாயில் விழுந்து எழ முடியாது. கொஞ்சம் பழகிப் பார்க்கலாம் என்று இரண்டே முக்காலுக்கு மாடியில் இருந்த சின்ன அறைக்குப் போனேன். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

ஒரு மேசை, இரண்டு நாற்காலி, செஸ் போர்டு, கடிகாரம். இரண்டு பக்கமும் ஐந்து நிமிடம் வைத்தேன். வெள்ளைச் சிப்பாயை நகர்த்தி அழுத்தினேன். டக். பேனா மூடி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

நிமிர்ந்தால்... கறுப்புக் குதிரை நகர்ந்திருந்தது.

கை பட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் ஐந்து நிமிடம் வைத்த கறுப்புப் பக்கக் கடிகாரத்தில் 19:40 ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்துபோய்க் கதவை இழுத்தேன். வரவில்லை. வெகுநேரம் தட்டினேன், கத்தினேன். கீழே நாற்காலி இழுபடும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. என் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னலில் கம்பி.

கீழே மணி அடித்தது. மூன்று. என் ஆட்டம் தொடங்கிவிட்டது.

திரும்பினேன். 4:40.

எதிர் நாற்காலியில் யாரோ மூச்சுவிட்டார்கள். இழுத்து... இழுத்து...

கறுப்புப் பக்கப் பொத்தானை நானே அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. ஜில்லென்றிருந்தது.

0:50. மூச்சு சின்னதாகிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவரும் என்னைப் போலத்தான். காயை வைத்துவிட்டார். அழுத்தவில்லை.

0:09.

"சார்... நீங்க கடிகாரத்த அழுத்தல."

டக்.

கதவு திறந்துகொண்டது.

மூன்று பத்துக்குள் ஓடிப்போய் என் மேசையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆட்டத்தில் ஒருமுறைகூட அழுத்த மறக்கவில்லை.

சாயங்காலம் நடுவரிடம் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"அந்த ரூம்ல ஒரு ஆட்டத்துல ஒருத்தர் போயிட்டாரு. குதிரைய நகர்த்தினாரு, அழுத்தல. தலையக் குனிஞ்சு அப்படியே இருந்தாரு. யோசிக்கறாருன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. நேரம் முடிஞ்சு தொட்டுப் பாத்தா... ஜில்லுனு இருந்துச்சு. கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா பிழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு."

"அவர் அழுத்தலைன்னு எதிர்ல ஆடினவருக்குமா சார் தெரியல?"

நடுவர் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"தெரியும். எதிர்ல உக்காந்து இருபது நிமிஷம் பாத்துட்டேதான் இருந்தேன். சொல்லணும்னு ரூல் இல்லையே..."