கேன்சருக்குச் சோறு போட்ட வருஷம்

புற்றுநோயை ஒழிக்கப்போவதாகச் சொல்லிச் சேர்ந்துவிட்டு, அதற்கு வேளை தவறாமல் சோறு போட்டு வளர்ப்பதற்குத்தான் புற்றுநோய் ஆராய்ச்சிப் பயிற்சி என்று பெயர். எம்.எஸ்சி. முடித்த கையோடு ஓராண்டு ஃபெலோஷிப் கிடைத்து, சிதம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். வீடு கடலூரில், தினமும் பஸ். இதே வேலையில் மாட்டியிருக்கும் சக ஜீவன்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பெற்ற தாய்க்கு ஜுரம் என்றால் மாத்திரை போட்டுக்கொள் என்போம். செல் வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியில் அரை டிகிரி ஏறினால் பஸ் பிடித்து ஓடுவோம்.

மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாய்ப்புற்று வந்த யாரோ ஒருவரிடமிருந்து எப்போதோ எடுத்த செல்கள், வேளாவேளைக்குச் சத்து நீர் ஊற்றினால் ஆய்வுக்கூடக் குடுவையில் இன்னும் பெருகிக்கொண்டே இருக்கும். அவற்றின் மேல் ஏதாவது சாற்றை ஊற்றி, சாகிறதா என்று பார்ப்பது என் வேலை. எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல் இருக்க முடியாது.

முதல் நாள் வரவேற்பு

வேலைக்குச் சேர்ந்த அன்று மாலை வீட்டுக்குள் நுழையப் போனேன். அம்மா வாசலில் மறித்துக்கொண்டு நின்றார். பின்பக்கமாகப் போ, வாளியில் தண்ணீர் இருக்கிறது, சட்டையைத் தனியாக ஊறப்போடு என்று உத்தரவு. புற்றுநோய் தொற்றிக்கொள்ளாது என்பதை வாசலில் நின்றபடியே விளக்கினேன். கிருமி வேறு, செல் வேறு. சில கிருமிகள் புற்றுக்குக் காரணமாகலாம், அது தனிக் கதை என்றெல்லாம் விரிவாகப் போனேன். எதிர்வீட்டுக்காரர்கூட வண்டியை நிறுத்திவிட்டுப் பாடம் கேட்டார். அம்மா குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"நீ சொல்றதெல்லாம் சரிதான்பா. குளிச்சிட்டு வந்து சொல்லு."

முதல் போணி

ராசவேலு மாமா என் அம்மாவின் தம்பி. சேத்தியாத்தோப்பில் பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வாயில் எந்நேரமும் புகையிலைப் பாக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், இட்லிக்குக் காரச் சட்னி வேண்டாம், சர்க்கரை போதும் என்றார். மிளகாய்ப்பொடியை ஸ்பூனால் சாப்பிடுகிற மனுஷன். எனக்குச் சந்தேகம் வந்து வாயைத் திறக்கச் சொன்னேன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்கன்னத்தில் வெள்ளையாகத் தடித்து, நடுவில் ஆறாத புண். தினமும் பாடப் புத்தகப் படத்தில் பார்க்கிற அதே மாதிரி.

இது என்னவென்று சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், தள்ளிப்போட்டால் ஆபத்து என்றேன். அம்மா அழ ஆரம்பித்தார். மாமா நிதானமாக இட்லியைச் சர்க்கரையில் தொட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டுவாங்க மாப்ள. அதான் நீ கேன்சர் கம்பெனியிலயே சேந்துட்டியே. மருந்து ரெடியானதும் மொத போணி எனக்குத்தான்."

தில்லைப் பால்

கூட வேலை பார்க்கும் மெர்சிக்குச் சொந்த ஊர் பிச்சாவரம் சதுப்புக்காட்டை ஒட்டிய கிள்ளை. எங்கள் ஆராய்ச்சிக்கான இலையை அந்தக் காட்டிலிருந்து கொண்டுவருவது அவள்தான். தில்லை மர இலை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். ஊரில் பெயர் தங்கிவிட்டது, மரம் சதுப்புநிலத்தோடு நின்றுவிட்டது. கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடமாட்டோம். அந்த இலையின் சாறு எங்கள் குடுவைச் செல்களைக் கொன்றது.

என்னைக் கேட்காமல் மாமா ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போக நல்ல சமயம் என்று நினைத்து உட்கார வைத்தேன். அதற்குள் மெர்சி மரியாதைக்கு மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். முதலில் கொழுத்த செல்கள். பிறகு சாறு ஊற்றி, சுருங்கிச் செத்த செல்கள். மாமா ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. குடுவையில் கொல்வது மருந்தாகிவிடாது, இன்னும் எலி, பிறகு மனிதர், பல வருஷம் ஆகும், அதற்குள் பெரும்பாலானவை தோற்றுப்போகும் என்று வரிசையாகச் சொன்னேன். "குடுவையில கொதிக்கிற ரசத்த ஊத்துனாலும் அது சாவும் மாமா" என்று மெர்சியும் சொல்லிப் பார்த்தாள். மாமா என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எலிக்கிலாம் குடுத்து நேரத்த வீணாக்காதம்மா. அந்தப் பால்ல ரெண்டு சொட்டு பாட்டில்ல புடிச்சிக் குடு, நான் பஞ்சுல தொட்டு வாயில வச்சிக்கறேன்."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்று நான் செருப்பை மாட்டுவதற்குள் மாமா பஸ் ஏறிவிட்டார். அன்றிலிருந்து இலைப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டோம். தினமும் காலையில் மாமாவுக்குப் போன் செய்து, கிள்ளைப் பக்கம் போகவில்லையே என்று உறுதி செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி என்றால் மட்டும் போன் கட் ஆகிவிடும். புண்ணோ பெரிதாகிக்கொண்டிருந்தது.

பூஜைப் பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாளும் விடுமுறை. அதையொட்டி வார இறுதி. பூஜைக்கு முந்தைய நாள் மாலையே செல்களுக்குச் சோறு போட்டுவிட்டு நாங்கள் கிளம்பிவிட்டோம். பூஜைப் பொறுப்பு உதவியாளர் செல்வம் அண்ணனுடையது. பக்தியிலும் சுத்தத்திலும் குறை சொல்ல முடியாதவர். தராசு, ஃபிரிட்ஜ், மைக்ராஸ்கோப் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

விடுமுறை முடிந்து வந்து இன்குபேட்டரைத் திறந்தேன். உள்ளே சாமந்திச் சரம். ஒவ்வொரு குடுவையின் நெற்றியிலும் சந்தனப் பொட்டு. மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்த அடையாளம். உடம்புச் சூடும் ஈரமும் எப்போதும் மாறாத அந்தப் பெட்டியில், பூவிலிருந்து பஞ்சுபோலப் பூஞ்சை கிளம்பி, தட்டெல்லாம் பரவி, குடுவைகளுக்குள்ளும் மிதந்துகொண்டிருந்தது. பல மாத வேலை ஒரேயடியாகப் போய்விட்டது. மேடம், அதாவது எங்கள் வழிகாட்டி, கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். "வருஷக் கடைசி பிரசன்டேஷன்ல எதக் காட்டப் போற, சாமந்திப் பூவையா?" என்று என்னிடம் கேட்டார். செல்வம் அண்ணனுக்கு எங்கள் துக்கம் விளங்கவில்லை.

"மத்த மிசினுக்கெல்லாம் வச்சிட்டு, இருக்கறதுலயே ஒசத்தி மிசினுக்கு மட்டும் வக்காம வுட்டா எப்டி சார்?"

ஒரு போன் பேச்சு

அன்று மாலை மாமாவே கூப்பிட்டார். என் குரல் சரியில்லை என்று உடனே பிடித்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். தன் கடையிலும் பூஜையன்று அத்தனை மோட்டாருக்கும் பொட்டு வைத்தவர் என்பதால் அவருக்கு இது பெரிய அதிர்ச்சி.

"பொட்டு வச்சதுக்கா? எங்க மோட்டாரெல்லாம் நல்லாத்தான ஓடுது."

"இது உயிர் உள்ளது மாமா. பூஞ்சை புடிச்சிப் போச்சி. எல்லாம் செத்துப்போச்சி."

"அப்ப மருந்து செத்துப்போச்சா?" என்றார்.

செத்தது மருந்தில்லை, நோய். மருந்து என்று ஒன்று எங்களிடம் எப்போதும் இருந்ததே இல்லை. இந்த இரண்டு வாக்கியமும் வாய்வரை வந்துவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டேன். "ஆமா மாமா, செத்துப்போச்சி" என்றேன்.

"சரி வுடு. நாளைக்குக் காலைல கடலூர் பஸ் ஏர்றேன். நீயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வேற வழியே இல்லாமப் பண்ணிட்டீங்களே."

வார்டில்

பரிசோதனை முடிவு நான் பயந்ததேதான். ஆனால் கழுத்துக்குப் பரவவில்லை. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் தாடையையும் எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். மாமா கன்னத்தில் புகையிலையை ஒதுக்கியபடி தில்லைப் பாலுக்குக் காத்திருந்த அந்த மாதங்கள் அதற்குப் பிறகுதான் எனக்கு முழுசாக உறைத்தன.

அறுவை சிகிச்சை நடந்தது. கன்னத்தில் கட்டோடு படுத்திருந்த மாமாவுக்குப் பேச்சு வரச் சில நாள் ஆனது. புகையிலையைத் தொட்டால் தானே கொன்றுவிடுவதாக அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து மிரட்டிக்கொண்டிருந்தார். நானும் மெர்சியும் பார்க்கப் போனோம். புதுச் செல்கள் வரவழைத்திருக்கிறோம், முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம், மேடம் ஃபெலோஷிப்பை இன்னும் ஆறு மாதம் நீட்டித்துக் கேட்டிருக்கிறார் என்று சொன்னேன். மாமா சைகையால் என்னைக் கிட்டே வரச் சொன்னார். குழறலாக, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அழுத்திச் சொன்னார்.

"அந்தப் பொட்டு வச்ச அண்ணன வேலைய வுட்டுத் தூக்கிடாதீங்க மாப்ள."

இந்தப் பயிற்சிக் காலத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வைத்தியம், ஒரு தப்பைத் திருத்தாமல் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான்.