தவளை மாடலின் நாக்கும் என் சந்தேகமும்

தவளையின் வாயைத் திறந்து காட்டிச் சம்பளம் வாங்குவது என் தொழில். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் லேப் பொறுப்பு. வருடா வருடம் நீட்டித்தால்தான் வேலை. லேபில் காலம் தள்ளும் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்கே தெரியும்: பொருள் உடையும், ஆனால் யாரும் உடைத்திருக்க மாட்டார்கள். அதனால் நான் யாரையும் நம்புவதில்லை. இப்போது நிஜத் தவளையை அறுப்பதும் இல்லை. வாயைப் பிளந்தபடி ஒரே ஒரு ரப்பர் மாடல்தான். அதற்கு ஏதாவது ஆனால் அடுத்த வருடம் நான் வீட்டில்தான்.

கீழே பல் எங்கே?

முதல் வகுப்பிலேயே பிரசாந்த் என்ற மாணவன் மாடலின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான். மேல்தாடையில் பொடிப்பொடியாகப் பல். கீழ்த்தாடை வழவழவென்று இருந்தது. "தவளைக்கு மேலே மட்டும்தான்பா பல்லு. அதுவும் மெல்ல இல்லை, பிடிச்ச பூச்சி நழுவாம இருக்க" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"உடைஞ்சு போனதையெல்லாம் இப்படித்தான் சமாளிப்பீங்களா மேடம்?"

விழுங்கும் கண்

லேபைப் பெருக்க வரும் அஞ்சலை அக்கா பிறந்தது கோவளத்தில், மீன் விற்கிற குடும்பம். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனைப் பையில் போட விடமாட்டார். என்னைவிடச் சந்தேகப் பிராணி. தவளை விழுங்கும்போது கண் இரண்டும் உள்ளே இறங்கி, வாயில் இருப்பதைத் தொண்டைக்குத் தள்ளும் என்று ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். துடைப்பமும் கையுமாக நின்று கேட்ட அக்காவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

"கண்ண உள்ள இஸ்துகினு முழுங்கினா, இன்னா துண்றோம்னு அதுக்கு எப்டிம்மா தெரியும்?"

யார் ஒட்டிய நாக்கு?

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் காலை மாடலைத் துடைக்க எடுத்தேன். பகீரென்றது. தவளைக்கு நாக்கின் அடி வாயின் முன்பக்கம் ஒட்டியிருக்கும். பிளவுபட்ட நுனி தொண்டைப் பக்கம் மடிந்து கிடக்கும். அதை வீசித்தான் பூச்சி பிடிக்கும். இங்கேயோ அடி தொண்டையில் இருந்தது, நுனி வெளியே எட்டிப் பார்த்தது, சுற்றிலும் பசை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் நாளைக்கு முதலில் பார்க்கப்போவதே இதைத்தான்.

எந்தக் கட்டையில போறவன் செஞ்ச வேலை இது? பிரசாந்தைப் பிடித்து உலுக்கினேன். "நான் ஒட்டியிருந்தா கரெக்டா முன்னாடி ஒட்டியிருப்பேன் மேடம்" என்றான். நியாயம்தான். அஞ்சலை அக்காவை ஒரு பார்வை பார்த்தேன். அவர் பதிலுக்கு என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன்.

பசையைச் சுரண்ட பிளேடு தேடிக்கொண்டிருந்தபோது முதல்வர் வந்தார். வணிகவியல் படித்தவர், லேப் பக்கமே வராத மனிதர். வாசலில் நின்றபடியே, "நாக்கு கெட்டியாப் பிடிச்சிருக்காம்மா?" என்றார். நாக்கைப் பற்றி அவரிடம் நான் மூச்சே விடவில்லையே! நான் பார்த்த பார்வையில் மனிதர் அசடு வழிந்தார். நேற்று மாலை பெற்றோர் சிலருக்கு லேபைச் சுற்றிக் காட்டும்போது நாக்கு கையோடு வந்துவிட்டதாம். எனக்குத் தெரிய வேண்டாமென்று தானே ஒட்டிவிட்டாராம். பக்கம் மாறிவிட்டது என்று சொன்னதும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கண்ணாடியில என் வாயைத் திறந்து பாத்துட்டுத்தாம்மா ஒட்டினேன்!"

வேலை நீட்டிப்பில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான் என்பதால், நாக்கைப் பிய்த்து முன்னால் ஒட்டியபடியே, "ரொம்ப நல்லா ஒட்டியிருந்தீங்க சார்" என்று சொல்லிவிட்டு, மீதியைத் தவளை மாதிரி கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு விழுங்கிவைத்தேன்.