சத்தமில்லாமல் பார்த்த ரத்தக்காட்டேரித் தொடர்

எங்கள் வீட்டு டி.வி.யில் படம் தெரியும், சத்தம் கேட்காது. டி.வி.யைக் குறை சொல்லக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் நாலு விசைத்தறிகள் ஓடினால் பாவம், அது என்ன செய்யும்? அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான். அம்மா நூல் சுற்றிக்கொண்டே படத்தை மட்டும் பார்ப்பாள். கதையை அவளே கட்டிக்கொள்வாள்.

நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, தமிழில் குரல் கொடுத்த ஒரு வெளிநாட்டுத் தொடர் சாயங்காலங்களில் வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பெண். அவளைக் காதலிக்கும் அண்ணன் தம்பி. இரண்டு பேரும் ரத்தக்காட்டேரிகள். தம்பி மனிதர்களைக் கடிப்பதில்லை என்று விரதம் இருப்பவன். அண்ணன் யாரையும் விடமாட்டான். நான் காலேஜ் பஸ்ஸில் இயர்போன் மாட்டி செல்போனில் பார்த்துவிடுவதால் எனக்கு முழுக்கதையும் தெரியும்.

"ரெண்டு பேரும் அந்தப் புள்ளைக்கு அத்தை மகனுகதான். இல்லாட்டி இம்புட்டு உரிமையா வீட்டுக்குள்ள வருவானுகளா?" என்று அம்மா கத்துவாள். எங்கள் வீட்டில் கொஞ்சுவதும் கத்தித்தான். அண்ணனின் வாயோரம் ரத்தம் வழிந்தால், "வெத்தலை போட்டா வாயத் தொடைக்க வேணாமா?" என்பாள்.

இதெல்லாம் சிரிப்புத்தான். அவள் தீர்ப்பு சொல்லும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மூத்தவன் இருக்க இளையவனுக்கு என்ன அவசரம்? கட்டுனா மூத்தவனத்தான் கட்டணும்."

"அவன் பத்துப் பேரைக் கொன்னவம்மா!"

"கல்யாணம் ஆனா திருந்திருவான்."

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. திருச்சுழியில் எனக்கும் ஓர் அத்தை, அத்தைக்கும் இரண்டு மகன்கள். மூத்தவர் நூல் மில்லில் வேலை பார்த்தார். அவருக்குத்தான் நான் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். எனக்குப் பிடித்ததோ லோடு ஆட்டோ ஓட்டும் இளையவரை. அவருக்கும் என்னைப் பிடிக்கும். மூத்தவர் கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும். அவர் தங்கமான மனிதர். வரும்போதெல்லாம் எனக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வருவார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, தொடரை வைத்து அம்மாவோடு சண்டை போட்டேன்.

ஒருநாள் தொடரில் அந்தப் பெண், தம்பியைக் காப்பாற்றுவதற்காக அண்ணனிடம் ஆசையாக நடித்தாள். கெட்டிக்காரி என்று நினைத்தேன். அம்மாவோ முகத்தைச் சுளித்தாள்.

"ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்கிறா பாரு. வேணாம்னா வேணாம்னு சொல்ல வாயி இல்லையா? நம்பி நிக்கிறவன் பாவம்ல?"

ஒரு வார்த்தைகூடக் காதில் விழாமல் அவள் சரியாகச் சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் மூத்தவர் வந்தார். பூ வைக்க நாள் பார்த்தாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தறிப் பக்கம் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். நாலு தறியும் நின்றன. தறி ஓட்டுகிறவர்களும் அம்மாவும் எங்களையே பார்த்தார்கள்.

"இப்பச் சொல்லு" என்றார்.

"அத்தான், எனக்கு உங்க தம்பியத்தான் பிடிச்சிருக்கு. முன்னாடியே சொல்லாதது என் தப்பு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மிட்டாய் வாங்கும்போதாவது சொல்லியிருக்கலாம்ல புள்ள" என்றார். அம்மாவிடம் திரும்பி, "அத்தை, தம்பிக்கே பேசி முடிங்க. எனக்காகக் காத்திருக்க வேணாம்" என்றார். சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் மூத்தவனை வைத்துக்கொண்டு இளையவனுக்கு முடித்தால் ஊர் சும்மா இருக்காது. மூத்தவனுக்கு என்ன குறை என்று கேட்கும். கல்யாணத்தன்று வாசலில் வந்தவர்களை அவரே வரவேற்றார். கேட்டவர்களுக்கெல்லாம், "நாந்தேன் தம்பிக்கு முடிக்கச் சொன்னேன்" என்று ஒரே பதில். என்மேல் ஒரு சொல் விழவிடவில்லை. நான் ஆசைப்பட்டவர் பக்கத்தில் நிறைந்த மனதோடு உட்கார்ந்திருந்தேன். பந்தியில் எனக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தவரும் அவர்தான். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.