கடல் பார்க்கப் போன வழியில் ஒரு டீ

தோழிகளே, விடுதியில் எல்லோருக்கும் கேட்கப் படியுங்கள்.

இன்று கோட்டைப்பட்டினத்தில் கடல் பார்த்து, சுடச்சுட மீன் வறுவல் தின்னவென்றே பஸ் ஏறினேன்.

வழியில் ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. என் கைக்குடையைப் பார்த்த கடைக்காரர், “வாங்க டீச்சர், ஒக்காருங்க” என்று கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தார். ஒரு வாய் குடித்திருப்பேன்.

“எந்த ஊரு? எந்தத் தெரு?”

எங்கள் சேரியின் பெயரைச் சொன்னேன்.

ஒரு கொட்டாங்கச்சியைக் காலால் தள்ளினார். “இதுல ஊத்திக்கிட்டு அங்கிட்டுப் போயி குடி. டம்ளர நீயே கழுவி வச்சிரு.”

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பக்கத்துத் தட்டில் வடையே தெரியாமல் ஈ மொய்த்திருந்தது. அந்த ஈக்களிடம் மட்டும் அவர் தெரு கேட்கவில்லை. காரணம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.