ஆடியில் காலி செய்த வீடு

காலை ஆறு இருபது. ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கேட்டுக்கு வெளியே பின்பக்கமாக வந்து நின்ற குட்டியானை வண்டி. அதில் ஒரு தார்ப்பாயும் இரண்டு கயிறும் கிடந்தன. ஆடி பிறந்து நான்காவது நாள்.

பெரம்பலூரில் நாங்கள் குடியிருந்தது ஒரு மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஐந்து மாதம்தான் முடிந்திருந்தது. அப்பாவுக்கு அரியலூருக்கு மாற்றல் வந்துவிட்டது, அங்கே அவருடைய நண்பரின் வீடு காலியாக இருக்கிறது என்று எனக்குச் சொன்னார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. அவரே பாதியில் கிளம்புவது எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்காரரின் மனைவியை அத்தை என்று கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிடச் சொன்னது அவர்தான். பள்ளி விட்டு வந்தால், அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை அவர்கள் ஹாலில் முறுக்குத் தின்றுகொண்டு டிவி பார்ப்பேன். நாள் பார்க்காமல் ஒரு துடைப்பம்கூட வாங்காதவர் அத்தை. ஆடியில் வீடு மாற்றுகிறோம் என்றதும் அவர்தான் முதலில் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வண்டி வந்த நாளுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு மாலையில், லீவுக்கு எங்கே போனாய் என்று கேட்டிருந்தார். அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாயி வீட்டுக்கு, அரும்பாவூர் பக்கம் என்றேன். அந்த ஊரில் அவருக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

“ஊருக்குள்ளயா கண்ணு, காலனியிலயா?”

“காலனியில அத்தை. அங்க மொத மொத டைல்ஸ் போட்டது எங்க அம்மாயி வூடுதான்.”

டைல்ஸின் நிறத்தையும் சொன்னேன். அவர் சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து டிவியை அணைத்தார். மறுநாள் மாலை கதவு சாத்தியிருந்தது. தலைவலியாம். அதற்கடுத்த நாளும் தலைவலி. நான் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மேலே வந்தார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே தணிந்த குரலில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு இறங்கிப்போனார். அன்று சாப்பிடும்போதுதான் மாற்றல் விஷயத்தைச் சொன்னார்கள்.

சொந்த வசதிக்காக முன்கூட்டியே காலி செய்வதாக ஒரு கடிதம் வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டிருந்தார். என் எழுத்து அழகாக இருக்கும் என்று அப்பா என்னையே எழுதச் சொன்னார். ‘சொந்த வசதி’ வந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, மாற்றல் என்று போட வேண்டாமா என்று கேட்டேன். சொன்னதை மட்டும் எழுது என்றார். எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டார்.

வண்டிக்காரர் கட்டிலை ஏற்றிக்கொண்டே சிரித்தார். “ஆடியில வூடு மாத்துற ஆள இப்பத்தான் சார் பாக்குறேன்.”

அப்பாவும் சிரித்தார். “நமக்கு எல்லா நாளும் நல்ல நாளுதாங்க.”

அம்மா மிக்சியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து நானே மரியாதையைக் காப்பாற்றிவிடுவது என்று முடிவுசெய்து, போய்க் கதவைத் தட்டினேன். அத்தை பாதிக் கதவைத் திறந்தார். அங்கே நான் சொன்னதை இப்போது எழுதவும் கூசுகிறது.

“அப்பா சொன்ன பேச்சக் காப்பாத்தல அத்தை. அவருக்காக நான் சாரி கேட்டுக்கறேன்.”

எனக்குப் பின்னால், நாலடி தூரத்தில், பீரோவின் ஒரு முனையைப் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார். அத்தை என் தலைக்கு மேலாக அவரைப் பார்த்தார். என் கன்னத்தைத் தொடக் கை நீட்டினார். பாதியில் அந்தக் கை திரும்பிப்போய் முந்தானையைச் சரிசெய்துகொண்டது.

“பரவால்ல கண்ணு. நல்லாப் படி.”

மன்னித்துவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. வண்டி ஊரைத் தாண்டியதும் அப்பாவிடம் சொன்னேன், “நீங்கதான்ப்பா சாரி சொல்லியிருக்கணும்.”

“நீ சொன்னதே போதும்மா” என்றார். அம்மா சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் அரியலூரில் புதுப் பள்ளியில் சேர்த்தார்கள். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அப்பாவின் ஆபீஸ் எந்த ஊர் என்ற இடத்தில் அரியலூர் என்று எழுதியிருந்தேன். அப்பா பேனாவை வாங்கி, அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பெரம்பலூர் என்று எழுதினார். மாற்றல் உத்தரவு வரத் தாமதமாகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினான்கு வருடம் அரியலூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்து, அப்பா பெரம்பலூர் ஆபீஸிலேயே ஓய்வுபெற்றார்.